மொட்டை மாடிக்கு ஏறும் கால் கோயில் படிக்கு ஏறவில்லை: முழங்கால் தேய்மானம் உள்ள ஒரு பெண் – நிகழ்வு ஆய்வு

இதில் வரும் அம்மா ஒரே ஆள் இல்லை. தஞ்சை மாவட்டத்துச் சிறு ஊர்களிலிருந்து முட்டி வலியோடு பிசியோதெரபிக்கு வரும் பெண்களிடம் திரும்பத் திரும்பக் காண்பதை ஒருவரின் கதையாகத் தொகுத்திருக்கிறேன். அவருக்குச் சொல்லியிருக்கும் அளவீடுகள் அந்தத் தொகுப்புக்குப் பொருந்த வைத்தவை. ஆய்வுகள், வழிகாட்டுதல்கள் பற்றிச் சொல்லும் இடங்களில் வருபவை மட்டும் வெளியான தகவல்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகம் முழுக்க 52.8 கோடிப் பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. அவர்களில் சுமார் 60 சதவீதம் பெண்கள். அதிகம் பாதிக்கப்படும் மூட்டு முழங்கால். இந்தியாவில் பல இடங்களில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, பார்த்தவர்களில் 28.7 சதவீதம் பேருக்கு முழங்கால் தேய்மானம் இருந்ததாகச் சொன்னது. அதிலும் பெண்களிடமே அதிகம். இத்தனை பேர் இருந்தும், அவர்களைப் பரிசோதிக்கும்போது நாம் பார்ப்பது பெரும்பாலும் எக்ஸ்ரே, எடை, முட்டி எவ்வளவு மடங்குகிறது என்பவற்றைத்தான். அந்தக் கால் எங்கே போகிறது, எங்கே போவதில்லை, யாருக்காகப் போகிறது என்று கேட்பது குறைவு. இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது.

வந்தபோது இருந்த நிலை

வயது 58. நாற்பத்தைந்து வயது வரை நடவுக்கும் களையெடுக்கவும் போனவர். மகன் வேலைக்குப் போனதும் வயல் வேலையை நிறுத்திக்கொண்டார். வீட்டில் ஓய்வுபெற்ற கணவர், மகன், மருமகள், எட்டு வயதுப் பேத்தி, நான்கு வயதுப் பேரன். மகனும் மருமகளும் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள்.

வலது முட்டியில் நான்கு வருடமாக வலி, இடதில் இரண்டு வருடமாக. காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் விறைப்பு, நடக்க ஆரம்பித்தால் தளர்ந்துவிடும். காய்ச்சல், மூட்டுச் சிவப்பு, முட்டி திடீரென்று பூட்டிக்கொள்வது எதுவும் இல்லை. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. எடை 74 கிலோ, உயரம் 152 செ.மீ. எக்ஸ்ரேயில் தேய்மானத்தை 0 முதல் 4 வரை பிரிக்கும் கெல்கிரென்-லாரன்ஸ் அளவின்படி வலது முட்டி மூன்றாம் நிலை, இடது இரண்டாம் நிலை. இரண்டிலும் உள்பக்கம்தான் இடைவெளி குறைந்திருந்தது.

ஊசி, ஆயின்மென்ட், நீ-கேப் எல்லாம் பார்த்தாயிற்று. வாயைத் திறந்ததும் அவர் சொன்னது இது: “படி ஏறவே முடியலம்மா. மார்கழில விடியக்காலைல கோயிலுக்குப் போறதையே விட்டுட்டேன்.”

வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டதில் உட்கார்ந்திருக்கையில் 2, நாற்காலியிலிருந்து எழும்போது 6, படியில் 7. வலது முட்டி 105 டிகிரி வரை மடங்கியது, இடது 118 வரை. கையை ஊன்றாமல் 30 நொடியில் 6 முறைதான் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார முடிந்தது. 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கே 12க்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு என்று கொள்வார்கள். தொடையின் முன்சதை இரண்டு பக்கமும் மெலிந்திருந்தது.

அசைவைப் பற்றிய பயத்தை அளக்க டாம்பா அளவுகோல் என்று ஒன்று உண்டு. 17 கேள்விகள். மதிப்பெண் 17இலிருந்து 68 வரை போகும், 37ஐத் தாண்டினால் பயம் அதிகம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். தாளைக் கையில் கொடுக்காமல் பேச்சோடு பேச்சாக ஒவ்வொன்றாகக் கேட்டதில் அவருக்கு 46 வந்தது. மனச்சோர்வுக்கான பி.எச்.க்யூ-9இல் 27க்கு 11. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய கடைசிக் கேள்விக்கு இல்லை என்றார். இருந்தாலும் 10ஐத் தாண்டியதால், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அனுப்பிப் பேச வைப்பது திட்டத்தில் முதலில் சேர்ந்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் ஆய்வு சுலபமாக முடிந்திருக்கும். தேய்மானம், பயம், சோர்வு, எடை. பயிற்சி கொடுத்து அனுப்பலாம் என்று.

ஒரு நாளை விரித்துப் பார்த்தபோது

காலையில் எழுவதிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டபோதுதான் விஷயம் மாறியது. ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம். தெருக் குழாயில் தண்ணீர் வரும் நாளில் ஏழெட்டுக் குடம். காபி, டிபன், பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு டப்பா. தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்குவது. வாஷிங் மெஷினில் துவைத்த துணியை வாளியில் அள்ளிக்கொண்டு போய்க் காயப்போடுவது.

“எங்கம்மா காயப்போடுவீங்க?”

“மொட்டை மாடிலதான்.”

“எத்தனை படி?”

“பதினேழு.”

ஈரத்துணி வாளியோடு காலையில் ஒரு தரம், சாயங்காலம் எடுக்க ஒரு தரம். அவர் போவதை நிறுத்திய கோயிலுக்கு வாசலில் ஐந்தே படி, பக்கத்தில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி வேறு.

படி ஏற முடியவில்லை என்றீர்களே என்றதற்கு அவர் சற்று வியப்போடுதான் பதில் சொன்னார்: “அது வேலைம்மா. வேலையை விட முடியுமா?”

அவர் பொய் சொல்லவில்லை. வலியை மிகைப்படுத்தவும் இல்லை. மாடிப்படி ஏறும்போதும் அதே வலிதான். ஆனால் அந்த ஏற்றத்தை அவர் தன் நடமாட்டக் கணக்கில் சேர்க்கவே இல்லை. யாராவது செய்தாக வேண்டிய வேலைக்கு வலியோடு போகிறார். தனக்காகப் போக வேண்டிய இடம் என்றால் வலி வரும் என்ற பயத்திலேயே நின்றுவிடுகிறார். கோயில், கோயில் மண்டபத்தில் சாயங்காலம் உட்காரும் பெண்களின் கூட்டம், மகளிர் குழுக் கூட்டம், தங்கை வீடு, கல்யாணம் என்று ஒவ்வொன்றாக விட்டிருந்தார். இரண்டு வருடத்தில் வீட்டு வேலை ஒன்றுகூடக் குறையவில்லை.

வலி ஆராய்ச்சியில் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. விளாயென், லின்டன் இருவரும் 2000இல் விரிவாக எழுதிய பயம்-தவிர்ப்பு மாதிரி ஒன்று. வலியை ஆபத்து என்று நினைத்தால் பயம் வரும், பயத்தால் அசைவு குறையும், அசைவு குறைந்தால் சதை மெலிந்து மனம் சோர்ந்து வலி இன்னும் கூடும் என்பது அதன் சாரம். முதுகுவலிக்காக வளர்ந்தது, இப்போது முழங்காலுக்கும் பயன்படுகிறது. இன்னொன்று ஜெர்மனியின் ஹாசன்பிரிங் சொன்னது: வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு அளவு மீறிச் செய்துகொண்டே இருப்பதும் வலியை நீடிக்க வைக்கும். பாடமாகப் படிக்கையில் இவை இரண்டு வகை ஆட்களைப் பற்றியவை போலத் தோன்றும். நம் ஊர்ப் பெண்களிடம் இரண்டும் ஒரே உடம்பில், ஒரே நாளில் நடக்கின்றன. எது எப்போது என்பதை முட்டியின் நிலை தீர்மானிப்பதில்லை, அந்த அசைவு யாருக்காக என்பதுதான் தீர்மானிக்கிறது. என் வாதம் இதுதான். டாம்பா அளவுகோலின் 46 என்ற எண் இதைச் சொல்லாது, ஏனென்றால் அதில் ‘எதற்காக அசைகிறீர்கள்’ என்ற கேள்வி கிடையாது.

பயம் வந்த வழி

எக்ஸ்ரேயைக் காட்டிய இடத்தில் அவருக்குச் சொல்லப்பட்டது: முட்டி முழுக்கத் தேய்ந்துவிட்டது, நடையைக் குறையுங்கள், படி ஏறாதீர்கள், கீழே உட்காராதீர்கள், கடைசியில் ஆபரேஷன்தான். இரண்டு நிமிடப் பேச்சு. அதிலிருந்து அவர் கட்டிக்கொண்ட நம்பிக்கை தெளிவானது: நடக்க நடக்கத் தேயும், ஆகவே மிச்சமிருப்பதைச் சேமிக்க வேண்டும். உறவில் ஒருவருக்கு முட்டி மாற்று ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் வைத்த கதையும் சேர்ந்துகொண்டது. சேமித்தால் அந்த ஆபரேஷனிலிருந்து தப்பலாம் என்பது அவர் கணக்கு. சேமிப்பதற்காக எதை விட்டார் என்பதை மேலே பார்த்தோம்.

உண்மையில் தேய்கிற குருத்தெலும்புக்கு நரம்பே கிடையாது. வலி வருவது அதற்கு அடியிலுள்ள எலும்பு, மூட்டின் உள்சவ்வு, மூட்டுறை ஆகியவற்றிலிருந்து. எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் முட்டியோடு ஓரளவு சுகமாக நடப்பவர்களும், லேசான மாற்றத்தோடு தவிப்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். அளவோடு போடும் சுமை மூட்டைக் கெடுப்பதில்லை, சுற்றியுள்ள சதை அதனால் வலுப்படுகிறது. அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2019 வழிகாட்டுதலும் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் 2022 வழிகாட்டுதலும் உடற்பயிற்சியை அடிப்படை மருத்துவமாகவே வைக்கின்றன. நடையைக் குறையுங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கு இந்த வழிகாட்டுதல்களில் இடமில்லை.

பெண்களின் முட்டி வலியை மருத்துவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதும் இதில் ஒரு சமூகக் காரணியே. கனடாவின் ஒன்டாரியோவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே அளவு முழங்கால் தேய்மானம் உள்ள ஓர் ஆணும் ஒரு பெண்ணும் 71 மருத்துவர்களிடம் போனார்கள். இருவருக்கும் சொல்லிக்கொடுத்த விவரம் ஒன்றே. ஆணுக்கு 67 சதவீத மருத்துவர்கள் முட்டி மாற்று சிகிச்சையைப் பரிந்துரைத்தார்கள், பெண்ணுக்கு 33 சதவீதம் பேர். அந்த நாட்டு நிலவரம் அது, அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. ஆனாலும் “வயசானா அப்படித்தான் இருக்கும்மா” என்று எத்தனை பெண்களுக்குச் சொல்லப்படுகிறது என்பதை நினைத்தால் எனக்கு மனம் கொதிக்கிறது.

வீடும் தெருவும்

கணவர் நல்ல மனிதர். கூடவே வந்திருந்தார். மனைவி எழ முயலும்போதெல்லாம் “நீ உட்காரு, உட்காரு” என்று கையமர்த்தினார். மகனும் அப்படித்தானாம்: “எதுக்கும்மா வெளிய போற? விழுந்து கிழுந்து வச்சா யாரு பார்க்கிறது?” பாசத்தில் வரும் பேச்சுதான். ஆனால் அந்தப் பாசம் அவரை வாசலில் மட்டும் நிறுத்தியது, மாடிப்படியில் நிறுத்தவில்லை. வாளியை யாரும் கையிலிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.

தெரு வேறு மாதிரி. சாயங்காலம் கொஞ்சம் நடக்கலாமே என்றால், “கையை வீசிக்கிட்டு நடந்தா, வேலவெட்டி இல்லாம சுத்துதுன்னு சொல்வாங்க” என்கிறார். சேலைக்கு ஷூ போட்டுக்கொள்ளக் கூச்சம். ஊன்றுகோல் என்ற பேச்சை எடுத்ததுமே முகம் மாறிவிட்டது, “அதுக்குள்ள என்னைக் கிழவியாக்காத.” அரசு டவுன் பஸ்ஸில் 2021இலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை, பலருக்கு அது பெரிய விடுதலை. இவருக்கோ முதல் படியின் உயரமும், ஏறுவதற்குள் பஸ் நகர்ந்துவிடுமோ என்ற பதற்றமும் அந்த வசதியை எட்டாததாக ஆக்கிவிட்டன.

அப்புறம், யாரும் தானாகச் சொல்லாத ஒன்று கழிவறை. வீட்டில் இருப்பது தரையோடு உட்காரும் கழிவறை. அங்கே சுவரில் கை ஊன்றி எழப் பழகிவிட்டார். கல்யாண மண்டபத்தில் முடியாது. போனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பாராம். சர்க்கரை உள்ளவருக்கு இது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. “வலிக்குது, வரலைன்னு சொல்லிடுவேன், அது சுலபம்” என்றார். முட்டி வலியைக் காரணம் காட்டி விசேஷத்துக்கு வராத பெண்களில் எத்தனை பேருக்கு உண்மைக் காரணம் இது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்பவர் பெண்ணாக இருந்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டால் பதில் வருகிறது.

செய்தது

எக்ஸ்ரேயை மறுபடி வெளிச்சத்தில் வைத்து, கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசியதுதான் தொடக்கம். எது தேய்ந்திருக்கிறது, வலி எங்கிருந்து வருகிறது, சதை ஏன் முக்கியம் என்று. “அப்ப நடந்தா மிச்சமும் போயிடாதா?” என்று அவர் மூன்று வெவ்வேறு விதமாகக் கேட்டார். மூன்று முறையும் பொறுமையாகப் பதில் சொல்வதுதான் சிகிச்சை.

டென்மார்க்கில் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்காக 2013இல் தொடங்கிய கிளாட் என்ற திட்டத்தின் அமைப்பைப் பின்பற்றினோம். அதில் இரண்டு விளக்க வகுப்பு, பன்னிரண்டு பயிற்சி வகுப்பு. பயிற்சியின்போது வலி பத்துக்கு ஐந்து வரை வரலாம், ஆனால் 24 மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும் என்பது அங்கே சொல்லும் விதி. அவருக்குப் பிடித்துப்போனது அந்த விதிதான். வலி வந்தால் சேதம் என்ற பழைய கணக்குக்குப் பதிலாக, அடுத்த நாள் காலை பார்த்து முடிவெடுக்கலாம் என்ற ஒரு அளவு கிடைத்தது.

முதல் பயிற்சி தலையணை போட்டு உயர்த்திய நாற்காலியிலிருந்து எழுவது. அடுத்தது படி. ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது வலிக்கிற கால் முன்னே, கை கம்பியில். கிளினிக் படியில் பழகிய பிறகு கோயிலின் ஐந்து படி. அங்கே முதல் தடவை அவரோடு போனவர் பேத்தி.

ஆஸ்திரேலியாவில் பெனல் குழுவினர் 2016இல் வெளியிட்ட, 222 பேர் பங்கேற்ற ஆய்வில், பிசியோதெரபிஸ்டுகளே வலியைச் சமாளிக்கும் உளவியல் உத்திகளையும் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்தபோது அன்றாடச் செயல்பாடு தனித்தனியாகக் கொடுத்ததைவிட நன்றாக முன்னேறியது. அதற்காகப் பெரிய மனநல நிபுணர் ஆக வேண்டியதில்லை. “நடந்தா தேயும்” என்ற எண்ணம் வரும்போது என்ன செய்வது, ஒரு வேலையை எப்படிப் பிரித்துச் செய்வது, நடுவில் எப்போது உட்காருவது என்று சேர்ந்து உட்கார்ந்து பேசுவதுதான்.

கடினமான பகுதி துணி வாளி. கணவர் காயப்போடட்டும் என்று சொன்னதும் எதிர்ப்பு அவரிடமிருந்து வரவில்லை, அம்மாவிடமிருந்துதான் வந்தது. “மாடில நின்னு அவரு என் பொடவையக் காயப்போடுறதைத் தெருவே பார்க்கும்.” அவர் மரியாதையும் தன் மரியாதையும் போய்விடும் என்ற கவலை. இதை அறியாமை என்று ஒதுக்கக் கூடாது. அந்தத் தெருவில் வாழ்பவர் அவர். கடைசியில் ஒப்புக்கொண்டது: வாளியைக் கணவர் மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார், அம்மா வெறுங்கையோடு கம்பியைப் பிடித்து ஏறிக் காயப்போடுவார். பாதித் தீர்வுதான். ஆனால் சுமை போனது, ஏற்றம் பயிற்சியாக மிஞ்சியது. அரிவாள்மனையை உயரமான மேடையில் பொருத்த முடியாது, அதனால் கத்தியும் பலகையும் வந்தன. கோலத்தைக் குறைக்கலாமா என்றதற்கு மட்டும் திட்டவட்டமாக மறுத்தார், “அதை விட்டா எனக்கு மார்கழியே இல்ல.” சரி என்று விட்டோம். வீட்டு வேலை எல்லாமே பாரம் என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது.

நடைக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. பேரனை அங்கன்வாடியிலிருந்து அழைத்து வரும் வேலையைக் கணவரிடமிருந்து இவருக்கு மாற்றினோம். போகும்போது வெறும் நடை, வரும்போது பேரன் வேகத்தில் நடை. யாரும் எதுவும் கேட்க முடியாது. ஷூவுக்குப் பதில் பின்வார் வைத்த, அடிப்பாகம் தடித்த செருப்பு. இதுவும் பிறருக்காக நடப்பதுதானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் கால் தெருவுக்குப் பழகினால்தான் மற்ற இடங்களுக்குப் போகும், அதனால் அங்கிருந்து தொடங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

எடைக்கு ஒரே ஒரு தகவல். மெசியர் குழுவின் 2005 ஆய்வுப்படி, உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியில் ஏறும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. அதைச் சொல்லி, இரவுச் சாப்பாட்டில் சோற்றின் அளவைக் குறைப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

பொங்கல் வாரம்

நான்காவது வாரம் பொங்கல். பரணிலிருந்து சாமான் இறக்கி, வீடு முழுக்க ஒட்டடை அடித்து, பித்தளைப் பாத்திரங்களை மணையில் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்திருக்கிறார், இரண்டு நாள். மூன்றாம் நாள் வலது முட்டி வீங்கிவிட்டது. வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: அந்தப் பயிற்சிதான் காரணம், நிறுத்து. அவரும் அப்படியே நம்பினார்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான பெண்கள் பயிற்சியை விடுகிறார்கள். இரண்டு நாள் மணையில் மடங்கி உட்கார்ந்ததை யாரும் குற்றம் சொல்லவில்லை, நாற்காலியிலிருந்து எட்டு முறை எழுந்ததுதான் குற்றவாளி ஆனது. அந்த வாரம் என்னென்ன செய்தார் என்று நாள்வாரியாக எழுதி, எந்த நாளில் வலி ஏறியது என்று அவரையே பார்க்கச் சொன்னபோது சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “பாத்திரம் தேய்ச்சதுதான்” என்றார். காய்ச்சலோ மூட்டுச் சூடோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பயிற்சியைப் பாதியாகக் குறைத்தோம், நிறுத்தவில்லை. ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. டாம்பா மதிப்பெண் இறங்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். தனக்கு வலி ஏன் வந்தது என்று தானே கண்டுபிடித்தது, என்னுடைய எல்லா விளக்கங்களையும்விட அதிகம் செய்தது என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டு வாரம் கழித்து

30 நொடியில் எழுவது 6இலிருந்து 10 ஆனது. படியில் வலி 7இலிருந்து 5. டாம்பா 46இலிருந்து 36. பி.எச்.க்யூ-9 11இலிருந்து 6, மனச்சோர்வுக்கு மாத்திரை தேவைப்படவில்லை. எடை இரண்டு கிலோ குறைவு. வலது முட்டி மடங்குவது 105இலிருந்து 110, அவ்வளவுதான். எக்ஸ்ரே மறுபடி எடுக்கவில்லை, எடுத்திருந்தாலும் பழையபடியேதான் இருந்திருக்கும்.

வலி இரண்டு புள்ளிதான் குறைந்தது, ஆனால் வாரத்தில் நான்கு நாள் கோயிலுக்குப் போகிறார். மண்டபத்துக் கூட்டத்தில் மறுபடி சேர்ந்துவிட்டார். அங்கிருந்து இருவர் இப்போது அவரோடு கோயில் குளத்தைச் சுற்றி ஒரு நடை நடக்கிறார்கள். மூன்று பேராகப் போனால் தெரு பேசுவதில்லை என்று அவரே கண்டுகொண்டார்.

மாறாதவையும் உண்டு. பஸ்ஸில் இன்னும் ஏறவில்லை. ஊன்றுகோலைத் தொடவில்லை. தண்ணீர்க் குடம் இன்னும் அவர் இடுப்பில்தான், மருமகளுக்கு அந்த நேரத்தில் வேலைக்குக் கிளம்ப வேண்டும், கணவர் தெருக்குழாயடிக்கு வரமாட்டார். இதில் எந்தப் பயிற்சியும் எதையும் மாற்றாது, வீட்டுக்குள் குழாய் வந்தால்தான் மாறும். இத்தனையில் எது எவ்வளவு உதவியது என்று ஒரே நிகழ்வை வைத்துப் பிரித்துச் சொல்லவும் முடியாது.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு. இப்படிப்பட்ட பெண்ணை வீட்டில் பார்க்கும் வாய்ப்பு உள்ளவர்கள் மாடிப்படியை, கழிவறையை, குழாயடியைக் கண்ணால் பார்த்துவிட்டே பயிற்சியை எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். கிளினிக்கில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டு வாங்க நேரம் பிடிக்கிறது.

அடுத்த கட்டத்துக்கு மூன்று விஷயங்கள் எழுதி வைத்திருக்கிறோம். வீட்டுக் கழிவறையின் மேல் வைக்கும் கமோடு நாற்காலியை மகன் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டமில்லாத மதிய நேரத்தில், பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸில் ஏறி இறங்கிப் பழகுவது. வைகாசியில் தங்கை மகளுக்கு வளைகாப்பு, அந்த மண்டபத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று மருமகள் முன்கூட்டியே போய்ப் பார்த்து வந்து சொல்ல வேண்டும்.